கிராம்பு எண்ணெய் வைத்தால் ஈறு வெந்துபோகுது, கலப்படமா?

கல்குளத்தான் | 11.01.2024, இரவு 9.12

சொத்தைப் பல்லுக்கு கிராம்பு எண்ணெய். பஞ்சுல நனைச்சு வச்சா அஞ்சு நிமிஷத்துல வலி அடங்குது, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்து ஈறு வெள்ளையா வெந்து தோல் உரியுது. நாட்டு மருந்துக்கடை 10 மிலி குப்பி, லேபிள்ல கம்பெனி பேரு கிடையாது. நல்ல எண்ணெய்னா சுடாதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லுதாரு. அப்போ இது கலப்படம்தானே?

மருந்துரல் | 11.01.2024, இரவு 10.05

அவர் சொன்னது தலைகீழ். சுட்டது என்றால் சரக்கு உள்ளே இருக்கிறது. கிராம்பு எண்ணெயில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு யூஜினால் என்ற பொருள். மரத்துப்போக வைப்பதும் அதுதான், கலக்காமல் வைத்தால் ஈறை வேக வைப்பதும் அதுதான். தேங்காயெண்ணெய் ஊற்றிப் பெருக்கிய சரக்காக இருந்தால் உங்களுக்கு இவ்வளவு வெந்திருக்காது.

முதலில் அந்த ஈறு. இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரில் ஒரு நாளைக்கு நாலு தடவை கொப்பளியுங்கள். வத்தல், புளி, சூடான சாயா எதுவும் அந்தப் பக்கம் போக வேண்டாம். வெந்த தோல் தானாக உரிந்து ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். அதுவரை எண்ணெயைத் தொடாதீர்கள். இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி வைக்கும் முறை. சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் 10 சொட்டு, அதில் கிராம்பு எண்ணெய் 1 சொட்டு. பல்லிடுக்கில் சிக்கிய சோறு, இறைச்சி நாரை நூல் விட்டு எடுத்துவிட்டு வாயைக் கழுவுங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பஞ்சு உருட்டி, நனைத்து, கிண்ண விளிம்பில் அழுத்திப் பிழியுங்கள். சொட்டுகிற பஞ்சு ஈறுக்குத்தான் போகும், அங்கேதான் எல்லோருக்கும் தவறுகிறது. இடுக்கியால் குழிக்குள் வைத்து, 10 நிமிஷம் கழித்து எடுத்து, எச்சிலைத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, இரண்டு நாள். அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

மருந்துரல் | 11.01.2024, இரவு 10.21

விட்டுப்போனது: தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கொப்பளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது. அப்படியே சொட்டாக நாக்கிலோ கன்னத்திலோ ஒட்டும், ஒட்டின இடம் வேகும்.

சாயாக்கடை | 12.01.2024, காலை 6.50

கராம்ப கடிச்சிட்டு சோலியப் பாக்காம இதுக்கு இடுக்கி, கிண்ணம், நூலு. ஆபரேசன் தியேட்டரு மாதிரில்லா இருக்கு மக்கா.

மருந்துரல் | 12.01.2024, காலை 8.15

கடிக்கலாம், வீட்டுக்கு அதுதான் நல்லதும்கூட. கடிக்கிற விதம் இருக்கிறது. காய்ந்த கிராம்பு கல் மாதிரி. சொத்தைப் பல்லில் நேராகக் கடித்தால் மீதிப் பல்லும் உடையும், அடைப்பு இருந்தால் அது பெயரும். ஒரு கிராம்பை வெந்நீரில் 5 நிமிஷம் ஊறப்போட்டு, நல்ல பல்லால் ஒரு தடவை நசுக்கி, பிறகு வலிக்கிற பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்குங்கள். 15 நிமிஷம் போதும். ராத்திரி முழுக்க வாயில் வைத்துத் தூங்கினால் கன்னத்து உள்தோல் வெள்ளைப்படும், தொண்டைக்குள் போகிற ஆபத்து வேறு.

இன்னொரு வழி: கிராம்பை இடித்துச் சலித்த தூள் 2 பங்கு, கிளிசரின் 3 பங்கு, குழைத்து இடத்தில் தடவுவது. 2006இல் குவைத்தில் இதே அளவில் குழைத்து 73 பேரிடம் பார்த்தார்கள். பல் டாக்டர்கள் ஊசிக்கு முன்னால் தடவும் 20% பென்சோகைனுக்கும் இதற்கும் மரத்துப்போவதில் பெரிய வித்தியாசம் இல்லை. தூளைத் துணியில் சலித்தே ஆக வேண்டும். கப்பி இருந்தால் ஈறைக் குத்தும்.

பல்பார்ப்பவர் | 12.01.2024, மதியம் 1.40

மருந்துரல் அக்கா சொன்னதில் தப்பில்லை, எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தற்காலிக அடைப்புக்கு நாங்களும் துத்தநாக ஆக்சைடு பொடியை யூஜினாலில் குழைத்துத்தான் வைக்கிறோம். கிளினிக்கில் நுழைந்ததும் வருகிற அந்த வாசனை அதுதான். அதற்காகக் கிராம்பு சொத்தையை ஆற்றிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நரம்பு மரக்கிறது, குழி அப்படியே இருக்கிறது.

இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. ஒன்று, வலி ஒருநாள் திடீரென்று தானாக நின்றுவிடும். எண்ணெய் கேட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பல நேரம் உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போயிருக்கும். அதன் பிறகு வேர் நுனியில் சீழ் கட்டி, சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருவார்கள். இரண்டு, பல் நிறத்தில் வைக்கிற ரெசின் அடைப்பை யூஜினால் சரியாக இறுக விடாது. எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தால் பல் டாக்டரிடம் வாயைத் திறந்ததும் அதைச் சொல்லுங்கள். கிராம்புப் பொடியைக் குழியில் கெட்டியாக அடைத்து வருகிறவர்களும் உண்டு, தோண்டி எடுக்கவே தனி நேரம் ஆகும்.

சூடு பட்டால் வலி நெடுநேரம் நிற்பது, படுத்தால் அதிகமாவது, வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை: இதில் ஒன்று வந்தாலும் கிராம்பை ஓரமாக வைத்துவிட்டுப் பல் டாக்டரிடம் கிளம்புங்கள்.

கல்குளத்தான் | 12.01.2024, இரவு 8.30

படுத்தா கூடுது. சரி, சனிக்கிழமை போறேன். ஆனா கலப்படக் கேள்விக்கு இன்னும் பதில் வரல்ல. வீட்டுலயே பாக்க வழி உண்டா?

மருந்துரல் | 12.01.2024, இரவு 9.44

உண்டு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். தேங்காயெண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ நிறையக் கலந்திருந்தால் மிதக்கும். பிளாஸ்டிக் கோப்பையில் செய்ய வேண்டாம். மெலிந்த பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் இளக்கிவிடும்.

இன்னொன்று கணக்கு. நல்ல கிராம்பில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய். 10 மிலி எண்ணெய் இறக்க ஒரு கைப்பிடி கிராம்பு வேண்டும். அந்தக் கைப்பிடியின் விலையைவிடக் குப்பி மலிவாக இருந்தால் யோசியுங்கள்.

கல்குளத்தான் | 12.01.2024, இரவு 10.02

மேலயே மிதக்குது அக்கா. அப்போ கள்ளச் சரக்குதான்.

மருந்துரல் | 12.01.2024, இரவு 10.09

அவசரப்படாதீர்கள், நான் முழுசாகச் சொல்லவில்லை. சின்னச் சொட்டு தண்ணீர்ப் பரப்பில் பாலாடை மாதிரி விரிந்து நிற்கும். ஈர்க்குச்சியால் அதைக் கீழே அமுக்கி விடுங்கள். கனமானது முத்தாக உருண்டு அடிக்குப் போகும், கலந்தது திரும்ப மேலே வரும்.

“ஒரு கைப்பிடி” என்றதும் தப்பு. கணக்குப் போட்டேன். 10 மிலி எண்ணெய் சுமார் 10.5 கிராம் எடை. 17% கிடைப்பதாக வைத்தால் 60 கிராம் கிராம்பு. ஒரு கிராம்பு 0.1 கிராம் என்றால் 600 கிராம்பு. அதுதான் அந்தக் குப்பி.

கல்குளத்தான் | 12.01.2024, இரவு 10.17

அமுக்கினேன், போயிட்டு. அடியில ரெண்டு முத்து.

மருந்துரல் | 12.01.2024, இரவு 10.31

அப்போ சமையல் எண்ணெய் நிறையக் கலக்கவில்லை. மொட்டிலிருந்து இறக்கினதா, இலையிலிருந்தா என்பது இதில் தெரியாது, இலை எண்ணெயும் அடியில்தான் போகும். அதிலும் யூஜினால் ஏராளம், பல்லை மரக்க வைக்கும், ஈறையும் சுடும். விலைதான் மொட்டு விலையாக இருக்கக் கூடாது.

மாறாமலைக் காற்று | 13.01.2024, காலை 5.55

எண்ணெயை விடுங்க, கிராம்பை எப்படிப் பாத்து வாங்கணும்னு சொல்லுங்க. நம்ம மாவட்டத்துல விளையுற சாமானை நம்ம ஆளுகளே சக்கையாப் பாத்து வாங்குதாங்க. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கம் விளையுற கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. செடி இங்க உள்ளதில்ல. சொந்த ஊரு இந்தோனேசியாவுல மொலுக்கா தீவுகள். 1800 வாக்குல கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துத் தோட்டத்துல வச்சதுதான் இந்தியாவுல தொடக்கம்.

நாம வாங்குறது விரியாத பூமொட்டு. பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும்போது, இதழ் விரியுறதுக்கு முன்னால கொத்தாக் கிள்ளணும். ஒரு வாரம் பிந்தினா பூ விரிஞ்சு போகும், அப்புறம் வாசனையும் விலையும் கிடையாது. கொம்பை ஒடிச்சுப் பறிச்சா அடுத்த பருவத்துக்கு அந்தக் கொம்புல மொட்டு இல்ல. காம்பைத் தனியாக் களைஞ்சு, பாயில நாலஞ்சு நாள் வெயில். 3 கிலோ பச்சை மொட்டு காஞ்சா 1 கிலோ. தண்டு கருந்தவிட்டு நிறம், தலை கொஞ்சம் வெளுப்பு, ஒடிச்சா டக்குன்னு ஒடியணும்.

எங்க கெடுதுன்னா, பறிச்ச அன்னைக்கு மழை மூட்டம்னு சாக்குல கட்டி வைப்பாங்க. ராத்திரிக்குள்ள உள்ள சூடேறிப் புளிக்கும். அது காஞ்சா சுருங்கி, வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மருந்துக்கு ஆகாது.

மருந்துரல் | 13.01.2024, காலை 7.30

இதைத்தான் எதிர்பார்த்தேன். கடையில் பார்க்க: நகத்தால் தண்டை அழுத்தினால் எண்ணெய் கசிந்து நகம் மினுங்க வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்லது முங்கும், எண்ணெய் இறக்கின சக்கை மிதக்கும்.

மாறாமலைக் காற்று | 13.01.2024, காலை 7.52

நல்லதும் சிலது மிதக்கும் அக்கா. நிக்கிற விதத்தைப் பாக்கணும். எண்ணெய் உள்ளது தலை மேல, தண்டு கீழன்னு நேரா நிக்கும். சக்கை படுத்துக் கிடக்கும். தலை உதிர்ந்த மொட்டையும் காம்பும் கூடுதலாக் கிடந்தா அந்தச் சரக்கை விட்டுடுங்க. காம்புல எண்ணெய் மொட்டுல உள்ளதுல சுமார் மூணுல ஒரு பங்குதான், எடைக்குத்தான் கிடக்கு.

மருந்துரல் | 13.01.2024, காலை 8.01

திருத்தத்துக்கு நன்றி, இனி அப்படியே சொல்கிறேன். பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. பழைய மருந்துக் குறிப்புகளில் இலவங்கம் என்றால் கிராம்பு. இலவங்கப்பட்டை கருவாப்பட்டை, இலவங்கப்பத்திரி இன்னொரு மரத்து இலை. சீட்டில் வெறுமனே “லவங்கம்” என்று எழுதினால் பட்டையைக் கட்டித் தருகிற கடை உண்டு. மேற்கே போனால் கரயாம்பூ. தாம்பூலத்துக்கான பஞ்சவாசத்தில் ஏலம், கருப்பூரம், சாதிக்காய், தக்கோலத்தோடு வருகிற இலவங்கமும் இந்த மொட்டுதான்.

சாயாக்கடை | 13.01.2024, காலை 8.40

எலுமிச்சம்பழத்தை ரெண்டா வெட்டி கராம்பு குத்தி வச்சா கொசு வராதாமே? பார்வதிபுரம் கொசுவுக்கு இது தெரியுமா?

மருந்துரல் | 13.01.2024, காலை 9.10

தெரியாது. வலை கட்டுங்கள்.

கல்குளத்தான் | 13.01.2024, மாலை 6.20

தொண்டைக்கு? மார்கழிக் குளிருல வீட்டுல ரெண்டு பேருக்கு இருமல்.

மருந்துரல் | 13.01.2024, இரவு 7.45

தொண்டை அரிப்புக்கு வதக்கின கிராம்பு. தோசைக்கல் லேசாகச் சூடானதும் இரண்டு கிராம்பைப் போட்டு உருட்டுங்கள். அரை நிமிஷத்தில் உப்பி வாசனை தூக்கும், உடனே எடுத்துவிட வேண்டும். நேரடித் தீயில் காட்டினால் தலை வெடித்துத் தெறிக்கும், கருகும். கருகினதில் எண்ணெய் கிடையாது, கசப்புதான் மிச்சம். ஒன்றை இரண்டு கல்லுப்போடு வாயில் அடக்கிச் சாற்றை மெதுவாக விழுங்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம்பு போதும்.

சுக்குகாப்பியில் போடுவதென்றால்: தண்ணீர் 4 டம்ளர், தட்டின சுக்கு 10 கிராம், நல்லமிளகு 1 தேக்கரண்டி, மல்லி 2 தேக்கரண்டி, துளசி ஒரு பிடி. 10 நிமிஷம் கொதிக்கட்டும். கருப்பட்டி 100 கிராமைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடித்து ஊற்றுங்கள், மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும். அடுப்பை அணைத்த பிறகுதான் நசுக்கின கிராம்பு 3, ஏலக்காய் 2. மூடி போட்டு 7 நிமிஷம். கிராம்பைத் தொடக்கத்திலேயே போட்டுத் திறந்த பானையில் கொதிக்கவிட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும். அடுக்களை மணக்கும், காப்பி மணக்காது.

3 கிராம்பு என்றது பானைக்கு. டம்ளருக்கு மூன்று போட்டால் நாக்கு மரக்கும், வயிறு எரியும்.

இரண்டு வாரம் தாண்டின இருமலுக்கு இது எதுவும் வேண்டாம், சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

கல்குளத்தான் | 13.01.2024, இரவு 8.05

ஒரு பிள்ளைக்கு வயசு ஒண்ணரை. அதுக்கு எண்ணெய் ஒரு சொட்டு தேனுல கொடுக்கலாம்னு வீட்டுல சொல்லுதாவ.

மருந்துரல் | 13.01.2024, இரவு 8.07

வேண்டாம். கொடுத்துவிடாதீர்கள். கணக்கைக் கீழே எழுதுகிறேன்.

மருந்துரல் | 13.01.2024, இரவு 8.48

உணவில் சேர்க்கிற யூஜினாலுக்கு 1982இல் நிபுணர் குழு வைத்த வரம்பு, ஒரு நாளைக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். ஒரு கிராம்பில் சுமார் 14 மில்லிகிராம் இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம், அதாவது பத்து கிராம்பு. பிரியாணி தின்று யாரும் அதைத் தாண்டப்போவதில்லை.

10 கிலோ பிள்ளைக்கு 25 மில்லிகிராம். எண்ணெயில் ஒரு சொட்டே 35 மில்லிகிராம் வரும். ஒரு சொட்டிலேயே வரம்பு தாண்டியாச்சு. ஒரு தேக்கரண்டி, 5 மிலி என்றால் 4000க்கு மேல். 300 கிராம்பை மென்று விழுங்குவதற்குச் சமம். 5 முதல் 10 மிலி குடித்த இரண்டு வயதுப் பிள்ளை நினைவிழந்து, வலிப்பு வந்து, கல்லீரல் கெட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கல்லீரலுக்கு அது பாரசிட்டமால் அளவு மீறினதைப் போலத்தான், முறிமருந்தாக அதே அசிட்டைல்சிஸ்டீனைத்தான் கொடுக்கிறார்கள்.

பல் முளைக்கிற ஈறில் தடவுவதும் கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரும்ப ஏறும்போது நுரையீரலுக்குள் போகும். பாலும் எண்ணெயும் ஊற்ற வேண்டாம். குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் குப்பியைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

பல்பார்ப்பவர் | 13.01.2024, இரவு 9.30

பெரியவர்களுக்கும் ஒன்று. வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் என்று ரத்தம் உறையாமலிருக்க மருந்து தின்கிறவர்கள் எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். ரத்தத் தட்டுக்கள் ஒட்டுவதை யூஜினாலும் தடுக்கும். பல் பிடுங்க வருகிற வாரத்தில் கிராம்புத் தூளைத் தினமும் தேனில் குழைத்துத் தின்றால் அதையும் சொல்லுங்கள். குழம்பில் கிடக்கிற இரண்டு கிராம்புக்குப் பயப்பட வேண்டாம்.

மாறாமலைக் காற்று | 14.01.2024, காலை 6.10

மூட்டுக்குத் தேய்க்க கிராம்பு போட்டு எண்ணெய் காய்ச்சுறது உண்டே, அது?

மருந்துரல் | 14.01.2024, காலை 7.25

அது சுடாது, சத்து அவ்வளவு இறங்காது. தேங்காயெண்ணெய் 100 மிலிக்கு ஒன்றிரண்டாக இடித்த கிராம்பு 10 கிராம். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஒரு மணி நேரம். நேரடித் தீயில் வைத்தால் கிராம்பு பொரிந்துவிடும், பொரிந்தால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். இறக்கி ஒரு வாரம் மூடி வைத்து, துணியில் வடிகட்டுங்கள். முழுக்க இறங்கினாலும் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்குதான், தேய்க்க அது போதும். இடித்த உரலிலோ குப்பியிலோ ஈரம் இருந்தால் ஒரு மாசத்தில் காறல் வாடை வரும், தேய்த்தால் அரிக்கும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

தலைபாரத்துக்கு கிராம்பை அரைத்து நெற்றியில் போடுகிற பற்றும் கேட்பார்கள் என்று தெரியும். மைபோல அரைத்து, மெல்லிசாக, 10 நிமிஷம். புருவத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. காய்ந்து இறுகும்வரை விட்டு உரித்தால் தோலும் கறுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுவும் வேண்டாம்.

சாயாக்கடை | 14.01.2024, காலை 9.00

பஸ்ஸுல வாந்தி வராம இருக்க ஒரு கராம்பு வாயில. இதுக்கும் கணக்கு போடுவியளா?

மருந்துரல் | 14.01.2024, காலை 9.06

ஒன்றுக்குக் கணக்கு வேண்டாம். மென்று விழுங்காமல் ஒதுக்கி வையுங்கள். வளைவில் புரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்குளத்தான் | 20.01.2024, இரவு 8.15

போயிட்டு வந்தேன். வேர் சிகிச்சை, மூணு தடவை வரச் சொல்லியாச்சு. எண்ணெய் வச்சதைச் சொன்னதும் குழியை ரெண்டு தடவை கழுவிட்டு, தற்காலிக அடைப்பு வச்சாரு. ஈறு ஆறிட்டு. குப்பியில இன்னும் முக்கால்வாசி கிடக்கு, என்ன செய்ய? பிளாஸ்டிக் மூடிக்குள்ள இருந்த ரப்பர் வேற கொழகொழன்னு ஆயிருக்கு.

மருந்துரல் | 20.01.2024, இரவு 8.52

அந்த ரப்பர் கரைந்து எண்ணெயில் இறங்கியிருந்தால் வாய்க்கு வைக்காதீர்கள். சீனி டப்பா வைக்கிற அலமாரியில் எறும்பு வரும் மூலைக்கு இரண்டு சொட்டு விடலாம். அடுத்த தடவை வாங்கினால் கருப்பு கலந்த கண்ணாடிக் குப்பி, கண்ணாடிக் குச்சி. சொட்டான் ரப்பரை மூடியிலேயே விட்டு வைக்க வேண்டாம். மேலே “கிராம்பு எண்ணெய், குடிக்கக் கூடாது, வாங்கின தேதி” என்று பட்டை ஒட்டுங்கள். கண் சொட்டு, காது சொட்டு இருக்கிற பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். குப்பி எல்லாம் ஒரே அளவு, ராத்திரி கரண்டு போன நேரத்தில் கைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது.

கல்குளத்தான் | 20.01.2024, இரவு 9.03

இப்போ அந்தப் பெட்டியிலதான் இருக்கு. எடுத்துட்டேன்.